அம்மை பார்த்துக்கொண்டிருக்கிறாள்

காரைக்காலில் ஒவ்வொரு வருஷமும் ஆனி மாதம் புனிதவதிக்குக் கல்யாணம் நடக்கிறது. முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் திருக்கல்யாணம். அன்றைக்கு எங்கள் ஊரில் எல்லாருமே பெண் வீட்டார்தான். பௌர்ணமியன்று பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்கிற கூட்டம் கையை நீட்டும், துண்டை விரிக்கும். அந்தக் கூட்டத்தில் சில பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். எதற்காக நிற்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியும். அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்பது நம்பிக்கை.

நான் மூன்று வருஷம் அப்படி நின்றிருக்கிறேன். கல்யாணமாகி இப்போது ஏழு வருஷம். ஊசி, ஸ்கேன், மாத்திரை, இரண்டு முறை செயற்கைக் கருத்தரிப்பு. இரண்டுமே தங்கவில்லை. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாடியே அம்மாவிடமிருந்து போன் வந்துவிடும். "இந்த வருஷம் கண்டிப்பா வந்துடு புள்ள. பழம் மடியில விழுந்தா போதும். மத்தத அம்மையாரு பாத்துப்பாங்க." மூன்றாவது வருஷம் பழம் விழவும் செய்தது. ஒரு பக்கம் கன்றிப்போன பழம். வீட்டுக்கு வந்து கழுவி, தோலோடு முழுசாகச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் யோசனை வந்தது. நாங்கள் யாரிடம் போய் எதைக் கேட்கிறோம்? புனிதவதிக்குக் குழந்தை கிடையாது. புருஷன் விட்டுவிட்டுப் போனவள். தன் உடம்பின் சதையையே வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டவள். தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் கைகூப்பி நிற்க, ஒருத்தி மட்டும் எலும்பும் தோலுமாகத் தரையில் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் போய் நாங்கள் கர்ப்பப்பை நிறைய வேண்டுமென்று கேட்கிறோம்.

அன்றிலிருந்து அவளுடைய உடம்பைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். சிலைகளில், புடைப்புச் சிற்பங்களில், சினிமாவில், காலண்டரில். என் உடம்பைப் பற்றி ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு வேறொரு பெண்ணின் உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

*

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வணிகன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழங்களை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்கு ஒன்றைப் படைத்துவிடுகிறாள் புனிதவதி. மத்தியானம் சாப்பிட வந்த கணவன் மிச்சமிருந்த பழத்தைத் தின்றுவிட்டு இன்னொன்றையும் கேட்கிறான். அவள் உள்ளே போய் சிவனை நினைக்க, கையில் ஒரு பழம் வருகிறது. அதன் ருசி வேறாக இருக்க, ஏது இது என்கிறான். உண்மையைச் சொல்கிறாள். அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். வருகிறது, அவன் கைக்குப் போனதும் மறைகிறது. அவன் பயந்துபோய்க் கப்பலேறி விடுகிறான். பிறகு பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம், ஒரு மகள். மகளுக்கு வைத்த பெயரும் புனிதவதிதான். சொந்தக்காரர்கள் இவளைப் பல்லக்கில் வைத்து அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், அவன் மனைவி மகளோடு வந்து காலில் விழுகிறான். இவள் பெண்ணில்லை, தெய்வம் என்கிறான்.

அப்போதுதான் அவள் கேட்கிறாள். இவனுக்காக இத்தனை நாள் தாங்கிக்கொண்டிருந்த இந்தச் சதை இனி எனக்கு வேண்டாம், உன் காலடியில் இருக்கிற பேய்களின் உருவத்தைக் கொடு என்று. சதையை உதறுகிறாள், எலும்புடம்பாகிறாள். கயிலாயத்தைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் நடந்து போகிறாள். சிவன் அவளை 'அம்மையே' என்று கூப்பிடுகிறார்.

இதைப் பெரியபுராணத்தில் எழுதியவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். அம்மையாரின் காலம் பொதுவாக 6ஆம் நூற்றாண்டு என்று சொல்லப்படுகிறது. நடுவில் ஏறக்குறைய 600 வருஷம். அம்மையார் தாமே எழுதியவை என்று நம்மிடம் இருப்பவை அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள். இவற்றைப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. அவற்றில் புருஷன் இல்லை, மாம்பழம் இல்லை. இருப்பது சுடுகாடு, அதில் திரியும் பேய்கள், நடுவில் ஆடும் ஒருவன். பதிகத்தை அவர் தொடங்குவதே ஒரு பெண் பேயின் உடம்பிலிருந்துதான். வற்றிய மார்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு, நீண்ட கால் என்று உறுப்பு உறுப்பாக எழுதுகிறார். கவிஞர்கள் பெண்ணைத் தலையிலிருந்து கால்வரை வர்ணித்துப் பழகிய அதே முறைதான், வர்ணிக்கப்படுகிற உடம்பு மட்டும் வேறு. கடைசியில் தன் பெயரைக் காரைக்கால் பேய் என்று போட்டுக்கொள்கிறார்.

சேக்கிழாரின் கதையில் உடம்புக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. புருஷனுக்காக இருந்தது, புருஷன் போனான், அதனால் உடம்பும் போனது. அம்மையாரின் பாட்டில் காரணமே இல்லை. நான் பேய், பார்க்கிறேன், பாடுகிறேன். அவ்வளவுதான்.

*

சோழர் காலத்தில் பெண்ணுடலை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால்தான் இந்த எலும்புடம்பு எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

எங்கள் ஊரிலிருந்து நாகப்பட்டினம் பக்கம் போனால் செம்பியன் மாதேவி என்றே ஒரு ஊர் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டுச் சோழ அரசி அவர். கண்டராதித்தரின் மனைவி, இளமையிலேயே கணவனை இழந்தவர், செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கியவர். அவருடையதாகக் கருதப்படும் வெண்கலச் சிலை ஒன்று வாஷிங்டனில் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் இருக்கிறது. நீண்ட கை, குறுகிய இடை, உருண்டு திரண்ட மார்பு, ஒரு பக்கம் சாய்ந்த இடுப்பு. அது அரசியா, பார்வதியா என்று பார்ப்பவரால் பிரிக்க முடியாது. கணவனை இழந்த ஒரு பெண்ணைத் தெய்வத்தின் இளமையோடு வார்த்திருக்கிறார்கள். அந்த உடம்பில் வயசில்லை, துக்கமில்லை, ஒரு சுருக்கம்கூட இல்லை.

கலை வரலாற்றாய்வாளர் வித்யா தெஹேஜியா 2009இல் எழுதிய புத்தகத்தின் பொருளே அலங்கரிக்கப்பட்ட உடல்தான். இந்தியக் கலையில் அழகும் அணியும் மங்கலத்தின் அடையாளம். கோயிலில் அழகான பெண்ணுருவம் இருப்பது வளத்துக்கு, விளைச்சலுக்கு, வம்சத்துக்கு நல்லது. அதாவது அந்த இடுப்பும் மார்பும் ஒரு வாக்குறுதி. முந்தானை ஏந்தி நிற்கிற எங்களிடம் ஊர் எதிர்பார்ப்பதும் அந்த வாக்குறுதியைத்தான்.

இப்போது அதே மெழுகு, அதே காவிரி வண்டல் மண், அதே உலை. மெழுகில் உருவம் செய்து, மண்ணால் பொதிந்து, சூடாக்கி மெழுகை ஓடவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி அம்மையாரை வார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிலை இருக்கிறது. ஒரு முழம்கூட உயரமில்லை. அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். எண்ணிவிடலாம் போன்ற விலா எலும்பு, தொங்கிய மார்பு, மெலிந்த கை. கையில் தாளம். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று. கான்சாஸ் நகரின் நெல்சன் அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் அவளுடைய புகழ்பெற்ற சிலை ஒன்று உண்டு. சோழச் செப்புத்திருமேனிகள் உள்ளீடற்றவை அல்ல, முழுக்க உலோகம். பார்வைக்கு எலும்புக்கூடு, தூக்கினால் கனக்கும்.

வற்றிய பெண்ணுடல் சிற்பிக்குப் புதிதில்லை. சாமுண்டியை அப்படித்தான் செய்வார்கள். ஆனால் சாமுண்டி பயமுறுத்துகிறவள், கையில் ஆயுதமும் கபாலமும் வைத்திருப்பவள். அந்த உடம்பிலிருந்து ஆயுதத்தை வாங்கிவிட்டுத் தாளத்தைக் கொடுத்தால் கிடைப்பவள் அம்மையார். பயம் போய்விடுகிறது, உடம்பு அப்படியே இருக்கிறது.

இந்த உடம்பு வெகுதூரம் போயிருக்கிறது. இலங்கையில் பொலன்னறுவைச் சிவன் கோயில் இடிபாடுகளில் கிடைத்த வெண்கலங்களில் அவளும் ஒருத்தி. கம்போடியாவில் 967இல் குடமுழுக்கு நடந்த பந்தியாய் ஸ்ரீ கோயிலில், ஆடுகிற சிவனின் காலடியில் தொங்கிய மார்போடு உட்கார்ந்திருக்கும் மெலிந்த பெண்ணை ஆய்வாளர்கள் காரைக்கால் அம்மையார் என்றே அடையாளம் காண்கிறார்கள். பரமதத்தன் கப்பலேறித் தப்பித்துப் போனான். அவளும் கடல் தாண்டிப் போயிருக்கிறாள்.

*

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போன வருஷம் போனேன். ராஜேந்திரன் 11ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். வெளிச்சுவர் மாடம் ஒன்றில் நடராஜர் ஆடுகிறார். சுற்றிலும் கணங்கள் தாளமும் வாத்தியமுமாக இருக்க, கீழே ஓரத்தில் அவள். மாடத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்ற பிறகுதான் அந்தச் சிற்பத்தில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது எனக்குப் பிடிபட்டது.

ஜான் பெர்ஜரின் 'வேஸ் ஆஃப் சீயிங்' 1972இல் வந்தது. ஐரோப்பிய ஓவியத்தில் நிர்வாணப் பெண் எப்போதும் படத்துக்கு வெளியே நிற்கும் ஓர் ஆணுக்காகவே படுத்திருக்கிறாள் என்று அவர் விளக்கினார். பெண் தன்னையே பார்க்கப்படுகிற பொருளாகப் பார்க்கப் பழகிவிடுகிறாள் என்றார். படித்தபோது ஸ்கேன் அறை ஞாபகம் வந்தது. திரையில் தெரிவது என் உடம்பின் உட்பக்கம். அதை டாக்டர் பார்ப்பார், நர்ஸ் பார்ப்பார், வீட்டுக்காரர் பார்ப்பார். நானும் கழுத்தைத் திருப்பி அவர்களோடு சேர்ந்து பார்ப்பேன். முட்டைகள் எத்தனை, எத்தனை மில்லிமீட்டர் என்று நானே எனக்குக் கணக்குச் சொல்லிக்கொள்வேன்.

இந்த மாடத்தில் அந்த ஏற்பாடு தலைகீழாகக் கிடக்கிறது. பார்க்கப்படுகிற உடம்பு ஆணுடையது. இளமையான, வளைந்த, அணிகள் பூண்ட, ஆடுகிற உடம்பு. பார்க்கிறவள் பெண். அவளை யாரும் பார்க்கத் தேவையில்லை, பார்க்கும்படி அவளிடம் ஒன்றும் வைக்கப்படவில்லை. பார்ப்பதற்குக் கண் இருக்கிறது, பாடுவதற்கு வாய், தாளம் போடக் கை, உட்காரக் கொஞ்சம் இடம். சதையை உதறினாள் என்று சொல்கிறோமே, எதையெல்லாம் உதறாமல் வைத்துக்கொண்டாள் என்று அங்கேதான் பார்த்தேன்.

அவள் பாடிய திருவாலங்காட்டில் இன்னொரு கதையும் உண்டு. சிவனும் காளியும் போட்டி போட்டு ஆடுகிறார்கள். எதிலும் காளி தோற்கவில்லை. கடைசியில் சிவன் ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கிவிடுகிறார். பெண் அப்படிக் காலைத் தூக்க முடியாதென்று காளி வெட்கி நிற்கிறாள், தோற்கிறாள். திறமையில்லாமல் அல்ல, நாணத்தால். ஒரு தெய்வத்தையே உடம்பு தோற்கடித்த ஊரில், வெட்கப்பட ஒன்றுமில்லாத ஒருத்தி அந்தக் காலுக்குக் கீழே உட்கார்ந்து தாளம் போடுகிறாள். இந்த இரண்டு பெண்களையும் ஒரே ஊரில் வைத்தது யாருடைய யோசனையோ தெரியாது, எனக்கு அந்த ஊர்மேல் பிரியம் வந்துவிட்டது.

*

திருவாலங்காட்டு நடராஜர் சிலைக்கு ஐரோப்பாவில் ஒரு ரசிகர் இருந்தார், சிற்பி ரோடின். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த வெண்கலத்தை அவர் நேரில் பார்த்ததில்லை. புகைப்படங்களைப் பார்த்தே 1913இல் சிவ நடனத்தைப் பற்றி எழுதினார். அவர் இறந்த பிறகு, 1921இல் அது அச்சானது.

இதே ரோடின் 1880களில் ஒரு கிழவியைச் செய்திருக்கிறார். 'ஒரு காலத்தில் அழகியாயிருந்த தலைக்கவசக்காரனின் மனைவி' என்பது சிலையின் பெயர், பிரெஞ்சுக் கவிஞர் வில்லனின் கவிதையிலிருந்து எடுத்தது. வற்றிய மார்பு, மடிந்த வயிறு, துருத்திய எலும்பு. அம்மையாரின் உடம்புக்கும் அந்த உடம்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் கழுத்தில். ரோடினின் கிழவி தலையைத் தொங்கப்போட்டு, தன் உடம்பையே குனிந்து பார்த்தபடி இருக்கிறாள். பெயரிலேயே ஒரு 'ஒரு காலத்தில்' இருக்கிறது. போனதை நினைத்து அழுகிற உடம்பு. அம்மையாரின் தலை நிமிர்ந்திருக்கிறது. அவளுக்கு ஒரு காலத்தில் என்பது கிடையாது.

ஃப்ளோரன்சில் தொனாத்தெல்லோ மரத்தில் செதுக்கிய மக்தலேனாவும் இப்படி வற்றியவள்தான், 15ஆம் நூற்றாண்டு. ஆனால் அவள் வற்றியது பாவத்துக்குப் பிராயச்சித்தமாக. லாகூர் அருங்காட்சியகத்தில், பட்டினி கிடந்து நரம்பும் விலாவும் தெரிய உட்கார்ந்திருக்கும் புத்தர் இருக்கிறார். ஆண் மெலிந்தால் தவம், மன உறுதி. பெண் மெலிந்தால் ஒன்று கிழடு, இல்லாவிட்டால் பாவம், இல்லாவிட்டால் பேய். அம்மையார் அந்த மூன்றாவது வார்த்தையை எடுத்துத் தன் கையெழுத்தாகப் போட்டுக்கொண்டார்.

*

நான் பார்த்த முதல் அம்மையார் சிலை எங்கள் அப்பாயி என்று இப்போது தோன்றுகிறது.

அப்பாயி கடைசிவரை ரவிக்கை போடவில்லை. வெயில் காலத்தில் திண்ணையில் இரண்டு முட்டியையும் மடக்கி உட்கார்ந்து, வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும். சேலை நழுவினால் இழுத்துவிடாது. அரசலாற்றில் குளிக்கப் போகும்போது எங்களையும் கூட்டிக்கொண்டு போகும். ஐந்து பிள்ளை பெற்ற மார்பு, காலி சுருக்குப்பை மாதிரி தொங்கும். ஒருநாள் என் தம்பி அதைப் பார்த்துச் சிரித்தான். அப்பாயி கோபப்படவில்லை. "சிரிடா சிரி. ஒன் அப்பன் உறிஞ்சுனதுதான் இது. இப்பதான் எங்கிட்டயே திரும்பி வந்திருக்கு" என்றது.

அது பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. யாருக்கும் இனி வேண்டாத உடம்பில் அப்பாயி சௌகரியமாகக் குடியிருந்தது. தெருவில் போகிற வருகிற எல்லாரையும் பார்த்துக்கொண்டு, சத்தமாகப் பேசிக்கொண்டு. அதே வீட்டில் கல்யாண வயசிலிருந்த சித்திகளுக்கு வாசலில் நிற்கக்கூட அனுமதி இல்லை.

*

பேயுருவை ஊர் எப்போதும் தாங்கிக்கொள்வதில்லை. 1973இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில் இளம் புனிதவதி லட்சுமி, முதிய அம்மையார் கே.பி. சுந்தராம்பாள். கே.பி.எஸ். குரலுக்கு நான் அடிமை. ஆனால் திரையில் நாம் பார்ப்பது கம்பீரமான ஒரு பெரியம்மாவை. பேய் என்று யாருக்கும் தோன்றாது, எழுந்து கும்பிடத்தான் தோன்றும். பூஜையறைக் காலண்டர்களில் அவள் இன்னும் சாதுவாகிவிட்டாள். நரைத்த கொண்டை, திருநீறு, கருணையான கண், உடம்பு முழுக்கப் போர்த்திய சேலை. விலா எலும்பை மூடியாகிவிட்டது. 700, 800 வருஷத்துக்கு முன்னால் டெல்டாவின் சிற்பி துணிந்து திறந்து வைத்ததை, அச்சகத்தில் போர்த்திவிட்டார்கள்.

திருவிழாவும் ஒரு வகையில் அப்படித்தான். கல்யாணத்துக்கும் மாம்பழத்துக்கும் வருகிற கூட்டம் பெரிது. அவள் பேயுருவாகிக் கயிலாயம் போகிற நிகழ்ச்சி விடிவதற்கு முந்தைய நேரத்தில் நடக்கும்போது, பழம் பிடித்தவர்கள் பெரும்பாலும் தூங்கப் போயிருப்பார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு சந்தேகத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பெண் தன் இஷ்டப்படி உட்கார்ந்து பார்க்கவும் பாடவும் முதலில் பேயாக வேண்டுமா? மாணிக்கவாசகருக்கு அப்படி எந்த நிபந்தனையும் இருக்கவில்லை. ஆண்டாள் சதையை விடவில்லை, அதோடேயே கேட்டாள், அதற்குரியவன் அவன்தான் என்று அடம்பிடித்தாள். அம்மையாரை விடுதலையின் சிலையாக்கிவிட்டு, சதையுள்ள நாங்களெல்லாம் அடிமைகள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. எனக்கு என் சதை வேண்டும். ஊசிபோட்டுக் கன்றிய வயிறும் வேண்டும். அது யாருக்காக என்ற கேள்விக்கு மட்டும் வேறு பதில் வேண்டும். அவள் சதையை உதறியதைவிட, 'இவனுக்காகத் தாங்கியது' என்று கணக்கைச் சரியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்காமலே ஆயுசு முடிந்துபோகிறவர்கள் எத்தனை பேர்.

இன்னொன்று, சிவன் அவளை என்னவென்று கூப்பிட்டார் என்பது. தாய் தகப்பன் இல்லாதவர் என்று சொல்லப்படுகிற கடவுள், பிள்ளை பெறாத ஒருத்தியை அம்மை என்கிறார். எங்கள் ஊர் அவளிடம் குழந்தை கேட்பதற்குக்கூட அந்த ஒரு வார்த்தைதான் காரணமோ என்னவோ. முந்தானை ஏந்தி நிற்கிற எந்தப் பெண்ணையும் என்னால் சிரிக்க முடியாது. அவர்கள் கேட்கட்டும். கிடைக்கட்டும்.

மூன்றாவது முறை வேண்டாம் என்று போன மாதம் வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, ஒனக்கு எது தோணுதோ" என்றார். அம்மாதான் போனில் அழுதது. "அப்ப இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு என்னதான்டி பண்ணப் போற?" என்றது. கேள்வி கோபத்தில் வந்தது, ஆனால் நியாயமான கேள்வி. நான் உடனே பதில் சொல்லவில்லை.

இப்போதைக்கு என்னிடம் சின்ன பதில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் சென்னைக்குப் போகிற வேலை இருக்கிறது. எழும்பூருக்குப் போய், ரோடின் படத்தில் மட்டும் பார்த்த அந்தத் திருவாலங்காட்டு நடராஜரை நேரில் பார்க்கப் போகிறேன். அவசரமில்லாமல், காவலர் ஒன்றும் சொல்லாவிட்டால் தரையில் உட்கார்ந்து.